பாத்திரத்தில் என்ன கலந்திருக்கிறது?

பாத்திரக் கடையில் நுழைகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். எவர்சில்வர் நல்லதா, அலுமினியம் ஆகாதா, பேசாமல் பித்தளைக்கே திரும்பிவிடலாமா? விற்பவர் எதைச் சொன்னாலும் அதற்கு ஆதாரமாக ஒரு வீடியோவோ வாட்ஸ்அப் செய்தியோ கிடைத்துவிடும். ஆனால் உலோகத்தின் பெயரை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஒரே பித்தளைப் பானை பொங்கலுக்குப் பொருந்தும், மோர்க்குழம்புக்கு ஆகாது. ஒரே மாதிரி பளபளக்கும் இரண்டு அலுமினியச் சட்டிகளில் ஒன்று வீட்டுக்கு ஏற்றது, இன்னொன்று குழந்தை இருக்கும் வீட்டு வாசலையே தாண்டக் கூடாதது. வாங்கும் முன் கேட்க வேண்டியவை இரண்டு: இதில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று யாராவது பொறுப்பேற்றுச் சொல்கிறார்களா? இதில் எதை, எவ்வளவு நேரம் வைக்கப்போகிறோம்? இவற்றில் முதல் கேள்விக்கே எடை அதிகம் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். நமக்குப் பெயர் தெரிந்த உலோகங்கள் செய்யும் கெடுதல் சிறியது, தவிர்க்கக் கூடியது. பெயர் தெரியாமல் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் உலோகம், முக்கியமாகக் காரீயம், செய்யும் கெடுதல்தான் பெரியது. சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்ற கணக்கும் கடைசியில் இதே இடத்தில்தான் போய் நிற்கிறது.

இரண்டாவது கேள்வியின் வேதியியல் நம் வீடுகளில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான். கார்த்திகைக்கு முதல் நாள் கறுத்துக் கிடக்கும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். சில நிமிடங்களில் மஞ்சள் பளபளப்பு எட்டிப் பார்க்கிறது. கழுவிவிடும் அழுக்குத் தண்ணீரில் போவது வெறும் தூசி அல்ல. விளக்கின் மேல் படிந்திருந்த செம்பு ஆக்ஸைடு, புளியில் உள்ள டார்டாரிக் அமிலத்தில் கரைந்து போகிறது. கைகளால் சில நிமிடம் தேய்த்ததற்கே இப்படியென்றால், அதே புளி அடுப்பில் உப்போடு அரை மணி நேரம் கொதித்து, பிறகு ராத்திரி முழுக்க அதே பாத்திரத்தில் கிடந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. குக்கரிலும் இதையே பார்க்கலாம். உட்புறம் கறுக்காமல் இருக்க அடித் தண்ணீரில் ஒரு துண்டுப் புளியோ பிழிந்த எலுமிச்சை மூடியோ போடுகிற வழக்கம் உண்டு. அலுமினியத்தைப் பாதுகாக்கும் மேற்படலம் அமிலத்தில் கரைந்து உள்ளேயிருக்கும் உலோகம் தெரிவதால் வரும் மினுக்கம் அது. அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கப்போவதில்லை, சோறும் பருப்பும் உள் பாத்திரத்தில் இருக்கின்றன, அதனால் பாதகமில்லை. அதே குக்கரில் நேரடியாகப் புளிக்குழம்பு வைப்பது வேறு கதை. புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர், மோர், வினிகர், புளித்த மாவு ஆகியவை ஒரு பக்கம். சோறு, பருப்பு, கிழங்கு, வெறும் தண்ணீர் மறு பக்கம். முதல் கூட்டம் உலோகத்தைக் கரைக்கும். உப்பு, சூடு, நேரம் ஆகிய மூன்றும் அதற்குக் கைகொடுக்கும்.

இப்படிக் கரைந்து வரும் உலோகங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. இரும்பும் செம்பும் துத்தநாகமும் அளவோடு உடம்புக்கு வேண்டியவை. வெள்ளீயம் வேண்டியதில்லை என்றாலும், குடல் அதைப் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை. டப்பாவில் அடைத்த உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை சர்வதேச உணவுத் தர நெறிகள் அனுமதிக்கின்றன. அலுமினியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். காரீயம் இவர்கள் வரிசையில் சேராது. அதற்கு உடம்பில் எந்த வேலையும் இல்லை. எலும்பில் சுண்ணாம்புச் சத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்தைக் கூட்டும். வாரத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று முன்பு ஒரு வரம்பு இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2010-ல் அந்த வரம்பையே விலக்கிக்கொண்டது. எந்த அளவையும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியவில்லை என்பதே காரணம். காரீயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, குழம்பின் ருசி மாறுவதுமில்லை. பித்தளையில் வைத்த மோர் பச்சை பூத்துக் காட்டிக்கொடுக்கும், இரும்பில் வைத்த புளி கறுத்துக் காட்டிக்கொடுக்கும். காரீயம் காட்டிக்கொடுக்காது.

அது சமையலறைக்குள் வரும் வழிகள் பெரும்பாலும் மூன்று. பழைய அலுமினியத்தை உருக்கி வார்த்த பாத்திரங்கள் முதலாவது. பழைய பித்தளையை உருக்கிச் செய்த உருளிகளும் அண்டாக்களும் இரண்டாவது. கலப்பட ஈயச் சொம்பும் கலப்பட ஈயப்பூச்சும் மூன்றாவது. மூன்றிலும் குற்றவாளி ஒருவர்தான்: எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய உலோகம்.

அலுமினியத்திலிருந்து தொடங்கலாம், சான்று அங்கேதான் வலுவாக இருக்கிறது. அமெரிக்காவின் ஆஷ்லண்ட் பல்கலைக்கழக வேதியியலர் ஜெஃப்ரி வைடன்ஹாமரும் அவருடைய குழுவினரும் வளரும் நாடுகள் 10-லிருந்து 42 அலுமினியப் பாத்திரங்களை வாங்கி, நீர்த்த அசெட்டிக் அமிலத்தை இரண்டு மணி நேரம் அவற்றில் கொதிக்கவிட்டுச் சோதித்து, 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 15 பாத்திரங்கள் ஒரு பரிமாறலுக்கு, அதாவது 250 மில்லி லிட்டருக்கு, ஒரு மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயத்தைக் கக்கின. வியட்நாமிலிருந்து வந்த ஒரு பானையின் கணக்குதான் தூக்கம் கெடுப்பது. முதல் சோதனையில் 33 மைக்ரோகிராம், இரண்டாவதில் 1,126, மூன்றாவதில் 1,426. புதிதாக வாங்கியதை இரண்டு முறை கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நாம் நினைப்பது எல்லாப் பாத்திரத்துக்கும் பொருந்தாது. மேற்பரப்பு அரிக்க அரிக்க உள்ளே இருப்பது வெளியே வருகிறது. இது எங்கோ நடக்கிற கதையும் அல்ல. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் காரீயம் கசியக்கூடிய இறக்குமதிப் பாத்திரங்கள் பற்றி எச்சரிக்கை வெளியிட்டபோது, அலுமினியம், பித்தளை ஆகியவற்றோடு ஹிண்டாலியம், இண்டாலியம் என்று நம் கடைகளில் வழங்கும் பெயர்களையும் எடுத்துச் சொன்னது. ஹிண்டாலியம் எல்லாமே நஞ்சு என்று இதற்கு அர்த்தமில்லை. அலுமினியத்தோடு மக்னீசியம், மாங்கனீஸ் போன்றவற்றைக் கணக்காகச் சேர்த்து உறுதியாக்கிய கலவைக்கு வந்த பெயர் அது. இன்று அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எந்தச் சட்டியின் மேலும் ஒட்டலாம் என்பதுதான் சிக்கல்.

அப்படியானால் பார்த்து வாங்குவது எப்படி? தகட்டிலிருந்து அழுத்தி எடுத்த பாத்திரத்துக்கும் வார்த்தெடுத்த பாத்திரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் கண்ணுக்குப் பழக்குங்கள். தகட்டுப் பாத்திரம் எங்கும் ஒரே கனத்தில், வழவழப்பாக இருக்கும். வார்ப்புப் பாத்திரம் தடித்திருக்கும், அடிப்புறத்தில் மணல் அச்சின் சொரசொரப்பு தெரியும், சிறு துளைகள் இருக்கும், காதும் உடலும் ஒரே வார்ப்பாக இருக்கும். வார்ப்பு என்பதே தவறில்லை, நல்ல நிறுவனங்களும் வார்க்கின்றன. ஆனால் எஞ்சின் பாகம், ரேடியேட்டர், ஒயர், டப்பா என்று கைக்கு வந்ததையெல்லாம் ஒரே உலையில் போட்டு உருக்குகிற பட்டறையில் பெரும்பாலும் வார்க்கத்தான் முடியும். தகடாக உருட்டுவதற்குக் கலவை சுத்தமாக இருக்க வேண்டும். ஆகவே முத்திரையில்லாத, பில் இல்லாத, எடைக்கு விற்கும் வார்ப்பு அலுமினியக் கடாயை வாங்காதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் எவர்சில்வர் சமையல் பாத்திரங்களுக்கு ஐஎஸ் 14756 என்றும், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ் 1660 என்றும் தரங்கள் உள்ளன. இவற்றுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. முத்திரையைப் பார்த்ததும் திருப்தியடைந்துவிட வேண்டாம். அதன் கீழே இருக்கும் உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் அது யாருடையது, எந்தப் பொருளுக்கு வாங்கியது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று காட்டும். குக்கருக்கு வாங்கிய உரிம எண்ணைக் கடாயில் பொறித்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

இங்கே சூழலியல் அக்கறை உள்ளவர்கள் ஒரு நியாயமான மறுப்பை எழுப்புவார்கள். தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் பிரிக்க மின்பகுப்புக்கு மட்டும் சுமார் 14 யூனிட் மின்சாரம் ஆகிறது. இந்தியாவில் அந்த மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது. பழைய அலுமினியத்தை உருக்கினால் ஏறக்குறைய 95 சதவீத ஆற்றல் மிச்சம். அப்படியிருக்க, பழசை உருக்கி வார்க்கும் சிறு பட்டறைக்காரரை வில்லனாக்குவது எந்த ஊர் நியாயம்? மறுப்பின் முதல் பாதி சரி. மறுசுழற்சிக்கு அலுமினியத்தைப் போல உகந்த உலோகம் குறைவு. ஆனால் மறுசுழற்சி செய்த உலோகம் போய்ச் சேர ஆயிரம் இடம் இருக்கிறது: ஜன்னல் சட்டம், எஞ்சின் உறை, ஏணி, மின்விசிறி. அவற்றை யாரும் புளிக்கரைசலில் கொதிக்கவைப்பதில்லை. எதிலிருந்து வந்தது என்று தெரியாத உலோகம் போகக் கூடாத ஒரே இடம் சாப்பாட்டுச் சட்டிதான். பிரித்து வைத்த, கலவை தெரிந்த பழைய அலுமினியத்திலிருந்து உணவுக்கான தகடு உருட்டலாம். பெரிய ஆலைகள் அதைச் செய்யவும் செய்கின்றன. பட்டறைக்காரர் மேல் பழியில்லை. தன்னிடம் வரும் மூட்டையில் என்ன இருக்கிறது என்று சோதிக்கும் வசதி அவருக்கு இல்லை. அந்த வசதி இல்லாத இடத்தில் செய்த பொருளை வாங்குவதைப் பசுமை என்று சொல்லிக்கொள்வது மட்டும் வேண்டாம்.

பித்தளைக்கு வருவோம், ஏனென்றால் ‘நம் முன்னோர்கள் இதில்தானே சமைத்தார்கள்’ என்ற வாதம் அங்கேதான் உரத்துக் கேட்கிறது. முன்னோர்கள் பித்தளையில் சமைத்தார்கள் என்பது பாதி உண்மை. உள்ளே ஈயம் பூசிய பித்தளையில் சமைத்தார்கள் என்பது முழு உண்மை. தெருவில் துருத்தி போட்டு, பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, வெண்புகை எழும்போது வெள்ளீயத்தைத் தொட்டுத் துணியால் சுழற்றித் தேய்க்கிற ஈயம் பூசுபவர் வந்துபோகாத ஊர் இருந்ததில்லை. பூச்சு தேய்ந்தால் பாத்திரம் அடுப்புக்கு ஏறாது. 2011-ல் வந்த இந்திய உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும், சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைக் கலங்களில் சமைத்த உணவை உண்ணத் தகாதது என்றே வகைப்படுத்தின. இன்று இணையத்தில் அழகாகப் படம்பிடித்து விற்கப்படும் பித்தளைக் கடாய்கள் பலவற்றில் உட்புறமும் தங்கமாக மின்னுகிறது. அதாவது பூச்சு இல்லை. முன்னோர் வழக்கத்தில் பாதியை மட்டும் விலைக்கு வாங்குகிறோம்.

பூச்சில்லாத பாத்திரம் செய்த கெடுதலுக்கு மருத்துவ வரலாறே இருக்கிறது. கைக்குழந்தைகளின் கல்லீரலைச் சுருக்கி உயிரைப் பறித்த ஒரு நோய் இந்தியாவில் பல பத்தாண்டுகள் மருத்துவர்களைத் திணறடித்தது. ‘இந்தியக் குழந்தைக் கல்லீரல் சுருக்க நோய்’ என்றே உலக மருத்துவ நூல்கள் அதை அழைத்தன. அந்தக் குழந்தைகளின் கல்லீரலில் செம்பு குவிந்து கிடந்தது. பூச்சில்லாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைச் சிறு வயதிலேயே புகட்டியது காரணமாக இருக்கலாம் என்று ஸ்டூவர்ட் டேனரும் புனே மருத்துவர்களும் 1983-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பால் புளிப்பில்லை, ஆனால் அதிலுள்ள கேசின் புரதம் செம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எவர்சில்வர் பரவி, பாலுக்குப் பித்தளை வைக்கும் பழக்கம் விலக விலக நோயும் அருகிவிட்டது. பிறவிக்கூறு போன்ற வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம் என்ற விவாதம் உண்டு. இருந்தாலும் குழந்தைக்கு வைக்கும் பால் பூச்சில்லாத பித்தளையையோ செம்பையோ தொடக் கூடாது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. தண்ணீர் வேறு கணக்கு. செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்ததையும், நீரில் இறங்கிய செம்பு லிட்டருக்குச் சுமார் 0.18 மில்லிகிராம் மட்டுமே என்பதையும் 2012-ல் வெளியான பெங்களூரு ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஆகவே செம்புக் குடத்துத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். அதே செம்பில் எலுமிச்சைச் சாறு கலந்து வைத்துக் காலையில் குடிக்கும் புதுப் பழக்கத்துக்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

செம்பை விடப் பித்தளையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. குழாய், வால்வு, திருகாணி போன்றவற்றைக் கடைவதற்கு எளிதாக இருக்க, அந்த வகைப் பித்தளையில் வேண்டுமென்றே இரண்டு, மூன்று சதவீதம் காரீயம் சேர்ப்பார்கள். பழைய குழாயும் பழைய அண்டாவும் ஒரே மூட்டையில் உலைக்குப் போனால், வெளியே வரும் உருளியில் அந்தக் காரீயம் இருக்கும். விளக்கு, மணி, வாசல் உருளியில் மிதக்கும் பூ: இவற்றுக்கு இந்தப் பித்தளை போதும், யாரும் அதைச் சாப்பிடப்போவதில்லை. பாயசத்துக்கு வாங்குவதானால் கலவை எழுதிய பில் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள், உள்ளே ஈயம் பூசி வாங்குங்கள். பாட்டி காலத்துப் பாத்திரம் வீட்டில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். பழைய உலோகம் வாங்கும் பெரிய வியாபாரிகள், சோதனைக்கூடங்கள் ஆகியோரிடம் எக்ஸ்ஆர்எஃப் என்ற கதிர்க் கருவி இருக்கும். பாத்திரத்தைச் சுரண்டாமல், உருக்காமல் அதில் உள்ள உலோகங்களைச் சில நொடிகளில் சொல்லிவிடும். ஈயம் பூசக் கொடுக்கும்போதும், பூச்சுக்கான வெள்ளீயம் எங்கே வாங்கியது என்று கேளுங்கள். பற்றாசு என்று மின்னணுக் கடையில் விற்பதில் பல வகைகளில் காரீயம் பெரும்பங்கு. விலை குறைவு, சீக்கிரம் உருகும், பூச எளிது. அதனால் ஆசை வரத்தான் செய்யும்.

ஈயச் சொம்பு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ரசத்துக்கு அது தரும் மணத்தை வாதத்தால் வெல்ல முடியாது, வெல்ல வேண்டியதும் இல்லை. சுத்த வெள்ளீயம் என்றால் அது நல்ல பாத்திரம்தான். 232 டிகிரியில் உருகிவிடும், அதனால் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பது ரசம் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். தொல்லை, வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை என்பதிலும், இரண்டும் கலந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்பதிலும் இருக்கிறது. அதிலும் ரசம் போலக் காரீயத்தைக் கரைக்கத் தோதான பதார்த்தம் வேறில்லை. புளி, தக்காளி, உப்பு, கொதி எல்லாம் ஒன்றாக. வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு முதல் வடிகட்டல் இருக்கிறது. சொம்பை டிஜிட்டல் தராசில் உலர்ந்த நிலையில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பெரிய கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பித் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். சொம்பை நூலில் கட்டி, முழுவதும் முங்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ இடிக்காதபடி, உள்ளே காற்றுக் குமிழி நிற்காதபடி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நூல் கையிலேயே இருக்கட்டும். இப்போது தராசு காட்டும் கிராம் எண்ணால் முதல் எடையை வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி வந்துவிடும். சுத்த வெள்ளீயத்துக்கு அது ஏறக்குறைய 7.3. அரைக் கிலோ சொம்பு சுத்தமானதென்றால் தண்ணீரில் 68, 69 கிராம் காட்டும். ஐந்தில் ஒரு பங்கு காரீயம் இருந்தால் 64-க்கு இறங்கிவிடும், அடர்த்தி 7.8-ஐத் தாண்டும். 7.5-க்கு மேல் வந்தால் அந்தச் சொம்பில் ரசம் வைக்காதீர்கள். 7.3 வந்தால் துணிந்து வைக்கலாமா என்றால், அதற்கு இந்தச் சோதனை போதாது. ஒன்றிரண்டு சதவீதக் கலப்படத்தை வீட்டுத் தராசு பிடிக்காது, அந்த ஒன்றிரண்டு சதவீதமே குழந்தைக்கு அதிகம். முதல் வடிகட்டலில் தப்பியதை எக்ஸ்ஆர்எஃப் கருவிக்குக் காட்டுங்கள். அதுவரை ரசத்தை எவர்சில்வரில் கொதிக்கவைத்து, நெய்யில் தாளித்துக் கொட்டிக்கொள்ளலாம், குறைந்துவிடாது.

எவர்சில்வருக்கு இத்தனை பீடிகை தேவையில்லை. இரும்போடு குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்ஸைடு படலம் தானாகவே உருவாகி, கீறினாலும் மீண்டும் மூடிக்கொள்ளும். புளிக்கும் மோருக்கும் இட்லி மாவு இரவெல்லாம் பொங்கிப் புளிப்பதற்கும் இதைவிட வசதியான உலோகம் இல்லை. கடையில் 304 என்றால் 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் கொண்ட வகை. 201, 202 என்றால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவு வகை. 430 என்றால் நிக்கலே இல்லாத வகை. காந்தம் ஒட்டினால் போலி என்று சொல்வது தவறு. 430-ல் காந்தம் நன்றாகவே ஒட்டும், அது நல்ல எஃகுதான். 304-லும் 202-லும் பொதுவாக ஒட்டாது என்பதால் இந்த இரண்டையும் பிரிக்கக் காந்தம் உதவாது. நிக்கல் கரைகிறதே என்று கேட்பவர்களுக்கு: கரைகிறது. தக்காளிச் சாற்றை எவர்சில்வரில் மணிக்கணக்கில் கொதிக்கவைத்த 2013-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், முதல் சில சமையல்களில் அதிகமாகவும், போகப்போகக் குறைந்தும் நிக்கல் இறங்கியது. பத்தாவது சமையலில் ஒரு பரிமாறலுக்குச் சராசரி 88 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புப்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 780 மைக்ரோகிராம் வரை தாங்கும். கவரிங் நகை போட்டால் தோல் தடிக்கிறவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு உண்டு. அவர்கள் 430-ஐத் தேடலாம். சூழல் கணக்கிலும் 430-க்கு ஒரு சாதகம்: உலகின் நிக்கலில் பெரும்பங்கு இப்போது இந்தோனேசியாவிலிருந்து, காட்டை அழித்தும் நிலக்கரியை எரித்தும் வருகிறது. எவர்சில்வருக்கு உள்ள ஒரே பலவீனம் உப்பு. குளிர்ந்த நீரில் கல்லுப்பைப் போட்டு அடுப்பில் வைத்தால், உப்பு அடியில் படிந்த இடத்தில் ஊசிக்குத்துப் போலக் குழி விழும். கொதி வந்த பிறகு போட்டுக் கலக்கினால் போதும்.

இரும்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழக்கிய தோசைக்கல்லும் இரும்புச் சட்டியும் விலை குறைவு, தலைமுறை தாண்டும், கரைந்தாலும் உடம்புக்கு உதவும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று வந்தது. எத்தியோப்பியாவில் குழந்தைகளை வைத்துச் செய்து 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், அலுமினியப் பானையில் சமைத்த வீடுகளைவிட இரும்புப் பானையில் சமைத்த வீடுகளில் ஹீமோகுளோபின் கூடுதலாக உயர்ந்தது. இதனால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. தலசீமியா போல உடம்பில் இரும்பு சேரும் நோய் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கீரை மசியல், வதக்கல், வறுவல் எல்லாம் இரும்பில் செய்து, ஆனவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

‘இதெல்லாம் காசு உள்ளவர்களுக்குச் சரி, மாதச் சம்பளத்தில் எல்லாப் பாத்திரத்தையும் மாற்ற முடியுமா’ என்பது கடைசி மறுப்பு. மாற்ற வேண்டியதே இல்லை. மாற்றுவது சூழலுக்கும் நல்லதல்ல. ஏற்கெனவே இருக்கும் பாத்திரத்துக்கான தாது தோண்டியாகிவிட்டது, மின்சாரம் செலவாகிவிட்டது. அதை இன்னும் இருபது ஆண்டுகள் பயன்படுத்துவதைவிடப் பசுமையான புதுப் பாத்திரம் எந்தக் கடையிலும் இல்லை. முத்திரையுள்ள அலுமினியக் குக்கரும் இட்லிக் கொப்பரையும் அப்படியே இருக்கட்டும். சோறு, பருப்பு, ஆவியில் வேகும் பலகாரம் எதிலும் அவை கெடுதல் செய்வதில்லை. அலுமினியத்தால் மறதி நோய் வரும் என்ற பயம் 1960-களின் ஆய்வகச் சோதனைகளிலும், பிறகு டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நேர்ந்த பாதிப்பிலும் தொடங்கியது. சமையல் பாத்திரத்தால் அல்சைமர் வருகிறது என்பது அதற்குப் பின் இத்தனை ஆண்டுகளில் நிறுவப்படவில்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் அலுமினியத்தில் சமைப்பதைத் தவிர்க்க வேண்டும். செலவழிக்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் புளிக்குழம்புக்கும் ரசத்துக்கும் ஒரு கனமான எவர்சில்வர் பாத்திரம். அடுத்து பாலுக்கும் மாவுக்கும் எவர்சில்வர். அதற்கு அடுத்து ஓர் இரும்புச் சட்டி. கல்யாண வீட்டில் வாடகைக்கு எடுக்கும் அண்டாவில் எதில் எதைச் சமைக்கிறார்கள் என்று ஒரு முறை எட்டிப் பார்ப்பதற்குக் காசே வேண்டாம். ஊறுகாய்க்கும் உப்பு எலுமிச்சைக்கும் உலோகமே வேண்டாம், பீங்கான் ஜாடியோ கண்ணாடியோ போதும். குழம்புக்குக் கல்சட்டி கிடைத்தால் அதுவும் சரி.

சந்தேகத்துக்குரிய வார்ப்புச் சட்டியையும் காரீயம் உள்ளதாகத் தெரிந்த சொம்பையும் என்ன செய்வது? வேலை செய்பவர்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ இனாமாகக் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். பழைய பாத்திரத்துக்குப் புதுசு மாற்றித் தரும் கடையிலும் போட வேண்டாம், அது மறுபடி யாருடைய அடுப்புக்காவது போய்ச் சேரும். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சமையலுக்கு உதவாதபடி ஆக்கி, பழைய உலோகம் வாங்குபவரிடம் மற்றப் பாத்திரங்களோடு சேர்க்காமல் தனியாகக் கொடுங்கள். சொம்பானால் காரீயம் கலந்தது என்று சொல்லியே கொடுங்கள். பேட்டரிக்கும் பற்றாசுக்கும் அதை வாங்குபவர்கள் உண்டு. எவர்சில்வர், செம்பு, பித்தளை, அலுமினியம் எதை எடைக்குப் போட்டாலும் கைப்பிடி, ரிவிட், பிளாஸ்டிக் குமிழ் ஆகியவற்றைக் கழற்றி, வகை வகையாகப் பிரித்துப் போடுங்கள். பிரித்துப் போட்டால் விலையும் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும்.